சான்டா மோனிகா விமான நிலைய வழக்குகள்: நிலம் நகரத்தின் பேரில், சாவி யார் கையில்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டிய கடற்கரை நகரம் சான்டா மோனிகா. அந்த நகராட்சிக்குச் சொந்தமான 227 ஏக்கர் விமான நிலையத்தைச் சட்டம் இடம் கொடுக்கும் முதல் வாய்ப்பிலேயே மூடிவிட வேண்டும் என்று அதன் நகரமன்றம் 1981-இலேயே தீர்மானம் நிறைவேற்றியது. அந்த வாய்ப்பு என்று வரும் என்பதற்கு இன்று கிடைத்திருக்கும் விடை 2029 ஜனவரி 1. தீர்மானத்துக்கு முன்னும் பின்னுமாக இந்த ஒரே ஓடுபாதைக்காக மாநில உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், இரண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் என்று வழக்குகள் ஏறி இறங்கியிருக்கின்றன. இவற்றை வரிசையாகப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். சத்தம், புகை, விபத்து அபாயம் என்று நகரம் எதை முன்வைத்து வாதாடினாலும், பெரும்பாலான சுற்றுகளில் முடிவைத் தீர்மானித்தது நகரம் எப்போதோ கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு காகிதம்தான். நிலத்துக்கு உரிமையாளராக இருப்பதும், அந்த நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இங்கே ஒரே கையில் இருக்கவில்லை.

நிலமும் 1948 பத்திரமும்

முதல் உலகப் போரில் பிரான்சில் உயிரிழந்த கிரேயர் குளோவர் என்ற விமானியின் நினைவாக இந்த இடம் 1923-இல் குளோவர் களம் என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, உலகைச் சுற்றிய முதல் விமானப் பயணத்துக்காக டக்ளஸ் நிறுவனம் கட்டிய விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. 1926-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன் பத்திர நிதியைக் கொண்டு நகரம் நிலத்தை வாங்கியது. அந்த நிதி பூங்காவுக்கென்று கேட்டுப் பெறப்பட்டது என்பதை விமான நிலையத்தை எதிர்ப்பவர்கள் இன்றும் நினைவூட்டுவது வழக்கம். டக்ளஸ் ஆலை இங்கேயே வளர்ந்தது. டிசி-3 விமானம் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாக எழும்பியதும் இந்தக் களத்திலிருந்துதான். ஆலையைச் சுற்றி அதன் தொழிலாளர்களுக்காக வீடுகள் எழுந்தன. பிற்காலத்தில் ஓடுபாதையின் முனைக்கும் வீட்டு மதில்களுக்கும் இடையே சுமார் 300 அடிதான் மிச்சம் என்ற நிலை வந்ததற்கு இந்த வளர்ச்சியும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது கூட்டாட்சி அரசு விமான நிலையத்தை நகரத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து, ஆலையின் பாதுகாப்புக்காகவும் உற்பத்திக்காகவும் அதை விரிவாக்கியது. போர் முடிந்ததும், உபரி அரசுச் சொத்துகளை ஒப்படைப்பதற்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1948 ஆகஸ்டில் ஓர் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்பட்டது. நிலத்தைப் பொதுமக்களின் பயனுக்கான விமான நிலையமாகவே நடத்த வேண்டும், தவறினால் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை அரசுக்கு உண்டு என்ற நிபந்தனைகள் அதில் இடம்பெற்றன. இந்தப் பொறுப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்று பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. போருக்குப் பின் அமெரிக்க நகரங்களுக்குக் கிடைத்த பல விமான நிலையங்கள் அரசே நிலம் வாங்கிக் கட்டியவை. அவற்றை இலவசமாகக் கொடுத்தபோது அரசு நிபந்தனை விதித்ததில் வியப்பில்லை. சான்டா மோனிகாவில் நிலம் முன்பே நகரத்துடையது, அரசு வெறும் குத்தகைதாரர். குத்தகை முடிந்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒருவர், உரிமையாளரின் நிலத்தின் மீதே காலவரம்பற்ற நிபந்தனையை விதிக்க முடியுமா என்பதுதான் 65 ஆண்டுகள் கழித்து நகரம் நீதிமன்றத்தில் எழுப்பிய மையக் கேள்வி. கேள்வி வலுவானது என்பதே என் கருத்து. ஆனால் அதைக் கேட்க நகரம் எடுத்துக்கொண்ட காலம் அதன் வலுவைப் பெருமளவு குறைத்துவிட்டது.

சத்தம்: உரிமையாளருக்கு உள்ள அதிகாரம்

1960-களில் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியதும் சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள் நகரத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். நெஸ்லி வழக்கு என்று அறியப்படும் அதில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்பளித்தது. தங்கள் சொத்து மறைமுகமாக எடுத்துக்கொள்ளப்பட்டதாகக் கூறி வீட்டுக்காரர்கள் கேட்ட இழப்பீடு நிலைக்கவில்லை. ஆனால் பொது அமைப்பு என்ற காரணத்தைக் காட்டித் தொல்லை தொடர்பான வழக்கிலிருந்து நகரம் தப்பிவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1962-இல், கிரிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தாழப் பறக்கும் விமானங்களால் ஏற்படும் இழப்புக்கு விமான நிலையத்தின் உரிமையாளரே பொறுப்பு என்று தீர்ப்பளித்திருந்தது. வானம் கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டில், இழப்பீடு நகரத்தின் பணப்பையிலிருந்து என்பது நகரத்தின் முதல் குறை.

இந்தக் குறைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. 1973-இல் பர்பேங்க் நகர வழக்கில், தனக்குச் சொந்தமில்லாத விமான நிலையத்தில் இரவுப் பறப்பைத் தடை செய்ய ஒரு நகரத்துக்கு அதிகாரமில்லை, அது கூட்டாட்சிச் சட்டத்தின் களம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் விமான நிலையத்தின் உரிமையாளராகவே உள்ள நகரத்தின் நிலை என்ன என்பதை அடிக்குறிப்பு ஒன்றில் திறந்தே விட்டது. இழப்பீடு கட்ட வேண்டியவருக்கு இழப்பைக் குறைக்கும் அதிகாரமும் ஓரளவு இருக்கத்தானே வேண்டும் என்ற தர்க்கம் அந்த அடிக்குறிப்பிலிருந்து வளர்ந்தது. நகரத்தின் அடுத்த வெற்றி அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது.

இரவு நேரப் புறப்பாட்டுத் தடை, ஒலி வரம்பு, ஜெட் விமானங்களுக்கு முழுத் தடை உள்ளிட்ட விதிகளை நகரம் 1970-களில் கொண்டுவந்தது. விமான நிலையப் பயனாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1979-இல் மாவட்ட நீதிமன்றம் ஜெட் தடையை மட்டும் ரத்து செய்து, மற்றவற்றை நிலைநிறுத்தியது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-இல் அதை உறுதி செய்தது. ஒலியளவைக் கட்டுப்படுத்தலாம், அந்த அளவுக்குள் அடங்கும் ஒரு விமானத்தை அது ஜெட் என்பதற்காகவே விலக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உரிமையாளர் என்ற முறையில் கட்டுப்படுத்தலாம், பாகுபாடு காட்டக் கூடாது என்ற இந்த எல்லைக்கோடு பின்னாளில் நகரத்துக்கு எதிராகவே திரும்பியது.

1984 ஒப்பந்தமும் ஒரு சிறிய மானியமும்

மூடும் தீர்மானம் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தோடு மோதலை உண்டாக்கியது. அந்த மோதல் 1984-இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. நகரம் 2015 ஜூலை 1 வரை விமான நிலையத்தை நடத்தும், அதற்கு ஈடாகக் கண்டிப்பான ஒலி வரம்பு ஏற்கப்படும் என்பது அதன் முக்கிய அம்சம். நகரவாசிகள் பலர் அந்த ஜூலை நாளை விடுதலை நாளாகவே எண்ணிக் காத்திருந்தார்கள். நிர்வாகம் அதை வேறு மாதிரி படித்தது. 1984 உடன்பாடு ஒரு தனி ஒப்பந்தம், அது காலாவதியானால் அந்த ஒப்பந்தத்தின் கடமைகள் மட்டுமே காலாவதியாகும், 1948 பத்திரத்தின் நிபந்தனைகளை அது எங்கும் விடுவிக்கவில்லை என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு.

இதற்கிடையே நகரம் கூட்டாட்சி மானியமும் வாங்கியது. விமான நிலைய மேம்பாட்டு மானியம் பெறும் ஒவ்வொரு உரிமையாளரும் சில உறுதிமொழிகளில் கையெழுத்திட வேண்டும். நிலையத்தை எல்லா வகை வானூர்திப் பயன்பாட்டுக்கும் நியாயமான நிபந்தனைகளில், பாகுபாடின்றித் திறந்து வைக்க வேண்டும் என்பது அவற்றில் 22-ஆவது. இந்தக் கடமைகள் மானியத்தில் உருவான வசதியின் பயன்காலம் முடியும் வரை, அதிகபட்சம் 20 ஆண்டுகள் நீடிக்கும். 1994-இல் சுமார் 16 லட்சம் டாலர் மானியத்தை நகரம் ஏற்றது. அதன்படி கடமை 2014-இல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2003 ஆகஸ்டில் அதே மானியத்தைத் திருத்தி, கூடுதலாக 2,40,600 டாலர் பெறப்பட்டது. திருத்தம் பழைய மானியத்தின் தொடர்ச்சியே, கடிகாரம் 1994-இலிருந்துதான் ஓடுகிறது என்றது நகரம். கூடுதல் பணம் வாங்கிய நாளிலிருந்து 20 ஆண்டுகள், ஆகவே 2023 ஆகஸ்ட் வரை கடமை உண்டு என்றது நிர்வாகம். பயனாளர் தரப்பு அளித்த புகாரின் பேரில் நிர்வாகம் நடத்திய உள்விசாரணையில் 2015 டிசம்பரிலும், பின்னர் 2016 ஆகஸ்டில் வந்த இறுதி முடிவிலும் இந்த இரண்டாவது வாசிப்பே நிலைத்தது.

ஒரு பெருநகரின் அருகே 227 ஏக்கர் என்ன விலை பெறும் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான தொகைக்காக ஒன்பது ஆண்டுக் கடமையை ஏற்றது புரியாத புதிராகத் தோன்றும். நகராட்சிகளில் இப்படித்தான் நடக்கும். மானியக் கோப்பு பொறியியல் பிரிவு வழியாக வரும், மூடும் தீர்மானம் அரசியல் மேடையில் கிடக்கும், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவர் அரிது.

2008 தடை விதியும் பாதுகாப்பு வாதமும்

2008-இல் நகரமன்றம் வேறு வழியில் முயன்றது. தரையிறங்கும் வேகத்தைக் கொண்டு விமானங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. அந்த வேகம் 121 நாட் (மணிக்கு 121 கடல் மைல்) அல்லது அதற்கு மேல் உள்ள சி, டி வகை விமானங்களை முழுவதும் தடை செய்யும் விதி ஒன்று நிறைவேற்றப்பட்டது. இந்த முறை காரணம் சத்தமல்ல, பாதுகாப்பு. இத்தகைய வேகமான விமானங்களுக்கு ஓடுபாதையின் முனைகளில் காலியான பாதுகாப்புப் பரப்பு தேவை, இங்கே அந்த இடத்தில் வீடுகள்தான் இருக்கின்றன என்றது நகரம்.

நிர்வாகம் உடனே தடையாணை பெற்றது. முழு விசாரணைக்குப் பின் 2009-இல், இந்த விதி 22-ஆவது உறுதிமொழியை மீறுகிறது என்று முடிவு செய்தது. நகரம் மேல்முறையீடு செய்தது. தலைநகர் வாஷிங்டனில் உள்ள கொலம்பியா மாவட்ட வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஜனவரியில் நிர்வாகத்தின் முடிவை உறுதி செய்தது. ஓடுபாதையைத் தாண்டி ஓடும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் சிறப்புத் தளப்பொருளை முனைகளில் பதிக்கும் மாற்று யோசனையை நிர்வாகம் முன்வைத்திருந்தது. பாதுகாப்பை மதிப்பிடும் பொறுப்பு அந்தத் துறையின் நிபுணத்துவத்துக்கு உரியது, அதன் மதிப்பீடு நியாயமற்றது என்று சொல்ல இடமில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. சட்டப்படி இந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால் தன் வீட்டுக்கு 300 அடி தூரத்தில் ஓடுபாதை முடியும் ஒருவருக்கு, அந்த அபாயத்தை எடைபோடும் அதிகாரம் தன் நகரமன்றத்துக்கு இல்லை என்பது எளிதில் செரிக்கும் செய்தியல்ல. 2013 செப்டம்பர் 29 அன்று தரையிறங்கிய ஒரு சிறிய ஜெட் விமானம் ஓடுபாதையிலிருந்து விலகி விமானக் கொட்டகையில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தபோது இந்த மனக்குறை கொதிநிலைக்கு வந்தது.

விளம்புகை வழக்கு

விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து, 2013 அக்டோபர் 31 அன்று, நிலத்தின் மீதான தன் முழு உரிமையை அறிவிக்கக் கோரி நகரம் அமெரிக்க அரசுக்கு எதிராகக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால் இது ஒரு விளம்புகை வழக்கு. நிலம் என்றும் எங்களுடையது, குத்தகை உரிமையை மட்டும் வைத்திருந்த அரசுக்கு 1948 பத்திரத்தின் மூலம் நிரந்தர நிபந்தனை விதிக்க அதிகாரமில்லை, எங்கள் விருப்பத்துக்கு மாறாக விமான நிலையம் நடத்தக் கட்டாயப்படுத்துவது இழப்பீடின்றிச் சொத்தை எடுப்பதற்குச் சமம் என்பவை வாதங்கள்.

அரசு இவற்றுக்குப் பதில் சொல்லும் முன் காலவரையறையைக் காட்டியது. கூட்டாட்சி அரசுக்கு எதிரான இத்தகைய சொத்து வழக்கை, அரசு உரிமை கோருவது தெரிந்த நாளிலிருந்து அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். பத்திரத்தில் கையெழுத்திட்ட நகரத்துக்கு அதன் நிபந்தனை 1948-லேயே தெரியும் என்று கூறி நீதிபதி ஜான் வால்டர் 2014 பிப்ரவரியில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2016 மே மாதத்தில் அந்தத் தள்ளுபடியை நீக்கியது. நகரத்துக்கு எப்போது என்ன தெரியும் என்ற கேள்வி வழக்கின் உள்ளடக்கத்தோடு பின்னிப் பிணைந்தது, ஆகவே சாட்சிய விசாரணை இல்லாமல் தொடக்கத்திலேயே அதைத் தீர்த்துவிடக் கூடாது என்றது. விசாரணை 2017 ஆகஸ்டுக்குக் குறிக்கப்பட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் காட்சிகள் மாறின. 2014 நவம்பரில் இரண்டு எதிரெதிர் வாக்கெடுப்புகள் ஒரே சீட்டில் வந்தன. வானூர்திப் பயனாளர்களின் ஆதரவோடு வந்தது, விமான நிலையத்தை மூடும் அதிகாரத்தை நகரமன்றத்திடமிருந்து எடுத்து வாக்காளரிடம் கொடுக்க முயன்றது. அது தோற்றது. நகரமன்றம் முன்வைத்த எல்.சி. எனும் நடவடிக்கை வென்றது. மூடும் அதிகாரத்தை மன்றத்திடமே வைத்து, மூடிய பின் பூங்கா, திறந்தவெளி, பொழுதுபோக்கு வசதி தவிர வேறு எதைக் கட்டுவதானாலும் வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்று அது விதித்தது. 2016 ஆகஸ்டில் மன்றம் 2018 ஜூலை 1-க்குள் மூடுவது என்று முடிவெடுத்தது. அடுத்த மாதமே எரிபொருள் விற்கும் நிறுவனத்துக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கும் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. நிர்வாகம் டிசம்பரில் அதை நிறுத்தி வைக்க இடைக்கால ஆணை பிறப்பித்தது.

சமரசத் தீர்ப்பாணை

விசாரணைக்கு ஏழு மாதம் இருக்கையில், 2017 ஜனவரி 28 சனிக்கிழமையன்று இரு தரப்பும் உடன்பாடு எட்டிவிட்டதாக அறிவித்தன. நகரமன்றத்தில் அது நான்குக்கு மூன்று என்ற வாக்கில் தேறியது. நீதிபதி வால்டர் சில நாட்களிலேயே அதைத் தீர்ப்பாணையாக்கினார். விமான நிலையம் 2028 டிசம்பர் 31 வரை தொடர்ந்து இயங்க வேண்டும். அதன் பின் மூடுவதா வேண்டாமா என்பது முழுக்க நகரத்தின் விருப்பம். 4,973 அடி ஓடுபாதையை உடனடியாக 3,500 அடியாகக் குறைத்துக்கொள்ளலாம். எரிபொருள் விற்பனை போன்ற சேவைகளை நகரம் விரும்பினால் தானே ஏற்று நடத்தலாம்.

தொட்டுப் பார்க்கக்கூடிய மாற்றம் ஓடுபாதையில்தான் நிகழ்ந்தது. இரு முனைகளிலும் வெட்டி, நடுவில் 3,500 அடி விடப்பட்டது. 2017 டிசம்பர் 23 முதல் குறுகிய ஓடுபாதை நடைமுறைக்கு வந்தது. பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றுக்கு 1,473 அடி குறைந்த பாதை போதாது. எடையைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு நிலையத்துக்குப் போக வேண்டும். 1970-களின் ஜெட் தடையாலும் 2008 விதியாலும் சாதிக்க முடியாததை வெறும் நீளம் பெருமளவு சாதித்துவிட்டது. ஒரு வகையைத் தடை செய்தால் பாகுபாடு, பாதையின் நீளத்தைக் குறைத்தால் அது உரிமையாளர் செய்த வடிவமைப்பு மாற்றம். அதற்கும் நிர்வாகத்தின் சம்மதம் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம்.

ஏன் இரு தரப்பும் இறங்கி வந்தன? நகரம் தோற்றிருந்தால் 1948 பத்திரத்தின் நிபந்தனை நிரந்தரமானது என்ற தீர்ப்பு அதன் தலையில் நிலைத்திருக்கும். நிர்வாகம் தோற்றிருந்தால், அதே உபரிச் சொத்துச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் ஒப்படைக்கப்பட்ட பல நூறு விமான நிலையங்களின் நிபந்தனைகள் கேள்விக்குள்ளாகியிருக்கும். குத்தகைதாரராக மட்டும் இருந்த அரசு நிரந்தர நிபந்தனை விதிக்கலாமா என்ற கேள்விக்கு இன்று வரை எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை. அடுத்த நகரம் இதைக் கேட்க நினைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உடன்பாட்டை யாரும் கொண்டாடவில்லை. ஜெட் எதிர்ப்பாளர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பு கசந்தது. மூடிய அறையில் பேசி வார இறுதியில் அறிவித்த விதம் இன்னும் கசந்தது. பயனாளர் தரப்புக்கு அதைவிடக் கோபம். மானியக் கடமை, பத்திர நிபந்தனை இரண்டையும் காக்க வேண்டிய நிர்வாகமே, பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அவற்றை விட்டுக்கொடுத்தது என்று தேசிய வணிக விமானப் போக்குவரத்துச் சங்கமும் பிறரும் கொலம்பியா மாவட்ட வட்டார நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனக்கு அதிகாரவரம்பு இல்லை என்று அந்த நீதிமன்றம் 2018-இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. குறையின் உள்ளடக்கம் ஆராயப்படவே இல்லை. இந்த இடத்தில் பயனாளர் தரப்பின் மீது எனக்கு அனுதாபம் உண்டு. நிர்வாகத்தின் சாதாரண ஆணை ஒன்றை எதிர்க்க அவர்களுக்கு வழி இருக்கிறது. அதே முடிவு வேறொரு நீதிமன்றத்தின் சமரசத் தீர்ப்பாணையாக உருமாறியதும் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

வேறு வழிகள்

சான்டா மோனிகா நீதிமன்றங்களில் அலைந்த அதே காலத்தில் வேறு இரு நகரங்கள் வேறு பாதைகளில் போயின. சிகாகோவில், ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் களத்தின் ஓடுபாதையை 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவின் பேரில் புல்டோசர்கள் பெருக்கல் குறி வடிவில் தோண்டிப் போட்டன. பல விமானங்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. முன்னறிவிப்புத் தராததற்காக விதிக்கப்பட்ட அபராதம் 33,000 டாலர், அதாவது நாளொன்றுக்கு 1,100 வீதம் 30 நாளுக்கு. விமான நிலைய நிதியை இடிப்புக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் பத்து லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டவும் நகரம் 2006-இல் சம்மதித்தது. அந்த நிலத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் இது சில்லறை. நாடாளுமன்றம் பின்னர் நாள் அபராதத்தை 10,000 டாலராக உயர்த்தியது.

கலிபோர்னியாவின் ரியால்டோ நகரம் நீதிமன்றத்தையும் நாடவில்லை, புல்டோசரையும் நாடவில்லை. 2005-ஆம் ஆண்டுக் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக, தன் விமான நிலையத்தைக் கடமைகளிலிருந்து விடுவிக்கும் ஏற்பாட்டை நாடாளுமன்றத்தின் மூலமே பெற்றது. அந்த நிலையம் 2014-இல் மூடப்பட்டது. கடமையை விதித்த அதிகாரத்திடமே விடுதலை கேட்பதுதான் சட்டப்படி மிகச் சுத்தமான வழி. அதற்குச் செல்வாக்குள்ள ஓர் உறுப்பினர் வேண்டும், எதிர்க்கத் திரளும் பயனாளர் கூட்டம் சிறியதாக இருக்கவும் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் செல்வந்தர்கள் ஜெட்டில் வந்திறங்கிய சான்டா மோனிகாவில் இரண்டாவது நிபந்தனை நிறைவேற வாய்ப்பே இருக்கவில்லை.

2028 டிசம்பர் 31 வரை தீர்ப்பாணையை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்திடம் இருக்கிறது. எந்தத் தரப்பு மீறினாலும் மற்றது அங்கே போகலாம். மூடிய பின் நிலத்தில் என்ன வரும் என்ற விவாதம் நகரத்துக்குள் தொடங்கிவிட்டது. முழுக்கப் பூங்கா என்போர் ஒருபுறம், வீட்டுப் பற்றாக்குறையைக் காட்டி ஒரு பகுதியிலாவது குடியிருப்பு வேண்டும் என்போர் மறுபுறம். எல்.சி. நடவடிக்கையின்படி முதல் தரப்பின் பூங்காவுக்கு மன்றத்தின் தீர்மானமே போதும். இரண்டாவது தரப்பு ஒரு செங்கல் வைப்பதற்கும் மீண்டும் வாக்காளர்களிடம்தான் போக வேண்டும்.